ஈரி கால்வாயோரம்: அடிமை ஒழிப்புக்காரர்களின் ஊர்கள்

முதல் நாள்: பீட்டர்பரோ

நியூயார்க் மாநிலத்தின் அல்பனியில் அக்கா வீட்டிலிருந்து காலையில் கிளம்பினோம். மேற்கே போகும் ஐ-90 நெடுஞ்சாலைக்குத் துணையாக மொஹாக் ஆறும், அதை ஒட்டிப் பழைய ஈரி கால்வாயும் வருகின்றன. 1825இல் திறந்த இந்தக் கால்வாயின் நீளம் 363 மைல். ஹட்சன் ஆற்றை ஈரி ஏரியோடு இணைத்து, கோதுமையையும் உப்பையும் குடியேறிகளையும் சுமந்தது. கூடவே பிரசங்கிகளும் பத்திரிகைகளும் துண்டறிக்கைகளும் இதே வழியாகத்தான் வந்தன. 1830-31 குளிர்காலத்தில் பிரசங்கி சார்லஸ் ஃபின்னி ராச்செஸ்டரில் எழுப்புதல் கூட்டங்கள் நடத்தினார். பாவத்திலிருந்து மீள்வது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது என்பது அவர் பேச்சு. ஒரு ஆள் மீளலாம் என்றால் ஒரு சமூகமும் மீளலாமே என்று கேட்டவர்கள் இந்த ஊர்களில் நிறைய இருந்தார்கள். குடி, அடிமைமுறை, சிறை, பெண்களின் நிலை என்று எல்லாவற்றையும் ஒரே தலைமுறை கையில் எடுத்தது. 1861இல் உள்நாட்டுப் போர் மூளும்வரை இருந்த அந்த முப்பது வருடத்தைத் தேடித்தான் இந்தப் பயணம்.

கனஸ்டோட்டாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் தெற்கே மேடு ஏறினால் பீட்டர்பரோ. ஒரு புல்வெளி, அதைச் சுற்றிச் சில வீடுகள், ஒரு பழைய சர்ச். அவ்வளவுதான் ஊர். 1835 அக்டோபர் 21 அன்று யூட்டிகாவில் நியூயார்க் மாநில அடிமை ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கக் கூடியவர்களை ஒரு கும்பல் விரட்டியடித்தது. அதே நாளில் பாஸ்டனில் அடிமை ஒழிப்புப் பத்திரிகை நடத்திய வில்லியம் லாயிட் காரிசனையும் ஒரு கும்பல் கயிற்றில் கட்டி இழுத்தது. யூட்டிகாவில் வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரும் நிலக்காரர் கெரிட் ஸ்மித், "என் ஊருக்கு வாருங்கள்" என்று எல்லோரையும் அழைத்தார். சிலர் கால்வாய்ப் படகில் கனஸ்டோட்டா வரை வந்து, அங்கிருந்து இரவோடு இரவாக இந்த மேட்டில் நடந்தே ஏறினார்கள். நாங்கள் காரில் ஏறிய மேடுதான். மறுநாள் இந்த சர்ச்சில் கூட்டம் நடந்து முடிந்தது. இப்போது இதே கட்டடத்தில் அடிமை ஒழிப்பாளர்களுக்கான தேசிய நினைவு மண்டபம் இருக்கிறது.

ஸ்மித்தின் மாளிகை 1936இல் எரிந்துபோனது. நில அலுவலகமாக இருந்த சின்னச் செங்கல் கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். அந்தக் காலத்து நியூயார்க்கில் வெள்ளையர் ஆண்களுக்கு வாக்களிக்கச் சொத்து தேவையில்லை. கறுப்பர் ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் மதிப்புள்ள நிலம் இருக்க வேண்டும் என்று 1821 அரசியல் சட்டம் சொன்னது. 1846இல் அதை நீக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அந்த ஆண்டே ஸ்மித் தன் நிலத்தில் 1,20,000 ஏக்கரைத் துண்டு துண்டாக 3,000 கறுப்பர்களுக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். சட்டம் நிலம் கேட்கிறதா, இந்தா நிலம். படிக்கும்போதே உற்சாகமாக இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி அடிரொண்டாக் மலையில் கல்லும் குளிரும் நிறைந்த காட்டு நிலம். போய்க் குடியேறியவர்கள் கொஞ்சம் பேர்தான், தாக்குப்பிடித்தவர்கள் இன்னும் குறைவு. அவர்களுக்கு விவசாயத்தில் உதவுகிறேன் என்று 1849இல் அங்கே போய்க் குடியேறியவர்தான் ஜான் பிரவுன். பத்து வருடம் கழித்து ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்குமேடை ஏறியவர்.

எரிந்த அந்த மாளிகையில் 1839 அக்டோபரில் இன்னொரு சம்பவம் நடந்தது. ஸ்மித்தின் சித்தி மகள் எலிசபெத் கேடி, 23 வயது, விருந்தாளியாக வந்திருந்தாள். வீட்டிலிருந்த இளம்பெண்களை ஸ்மித் மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே சிராக்கூஸில் தன் எஜமானக் குடும்பத்திடமிருந்து தப்பி வந்த ஹாரியட் பவல் ஒளிந்திருந்தாள். நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் தன்னை விற்றது முதல் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் அவள் சொல்ல, இவர்கள் கேட்டார்கள். அன்று மாலையே அவளுக்குக் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்ணின் உடையைப் போட்டு வண்டியேற்றி, கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். எலிசபெத் தன் வருங்காலக் கணவர் ஹென்றி ஸ்டான்டனைச் சந்தித்ததும் இந்த வீட்டில்தான். நாளைக்கு மறுநாள் போகப்போகும் செனெகா ஃபால்ஸில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டின் கதை இந்த மேட்டில் தொடங்கியது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் நாள்: சிராக்கூஸ், ஆபர்ன்

சிராக்கூஸில் கிளின்டன் சதுக்கத்தை மட்டும் பார்த்தோம். நடுவே பெரிய நீர்த்தொட்டி. ஒரு காலத்தில் கால்வாய் ஓடிய இடம். ஓரத்தில் 'ஜெர்ரி மீட்பு' நினைவுச் சிலை. ஜெர்ரி என்கிற வில்லியம் ஹென்றி பீப்பாய் செய்யும் தொழிலாளி. 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் வட மாநிலங்களிலும் ஆட்களைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வழிசெய்தது. விசாரிக்கும் ஆணையர், பிடிபட்டவரைத் தெற்கே அனுப்பினால் அவருக்கு 10 டாலர் கட்டணம், விடுதலை செய்தால் 5 டாலர். இப்படி ஒரு சட்டத்தை எழுதி, விவாதித்து, வாக்களித்து நிறைவேற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. 1851 அக்டோபர் 1 அன்று ஜெர்ரியைப் பிடித்தார்கள். அன்றைக்கு ஊரில் அடிமைமுறையை எதிர்த்த லிபர்ட்டி கட்சியின் மாநாடு. மாநாட்டுக்கு வந்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கட்டையால் கதவை இடித்து உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். சில நாள் ஊருக்குள்ளேயே ஒளித்துவைத்து, ஆஸ்வீகோ வழியாக ஒன்டாரியோ ஏரியைத் தாண்டிக் கனடா சேர்த்தார்கள். மீட்பைத் திட்டமிட்டவர்களில் கெரிட் ஸ்மித்தும் ஒருவர்.

மதியம் ஆபர்ன் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சிறைச்சாலைதான். சாலையை ஒட்டியே உயர்ந்த சுவர், மூலையில் காவல் கோபுரம், எதிர்ப்பக்கம் சாதாரண வீடுகள். 1817 முதல் கைதிகள் இருக்கும் சிறை. இன்றும் மாநிலச் சிறையாகவே இயங்குகிறது. இதுவும் சீர்திருத்தத்தின் பேரில் வந்ததுதான். தூக்கு, கசையடிக்குப் பதிலாகத் தனிமையும் உழைப்பும் மனிதனைத் திருத்தும் என்று நம்பினார்கள். 1821இல் சுமார் 80 கைதிகளை, வேலை கூட இல்லாமல், முழுத் தனிமையில் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். சிலர் செத்தார்கள், சிலருக்குப் புத்தி பேதலித்தது. இரண்டு வருடத்துக்குள் கைவிட்டுவிட்டு வேறு முறைக்கு மாறினார்கள். பகலில் பட்டறையில் கூட்டு வேலை, இரவில் தனி அறை, எந்நேரமும் பேச்சு கூடாது. அறையின் அகலம் மூன்றரை அடி, நீளம் 7 அடி. வரிசையாக ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து, முகத்தை ஒரே பக்கம் திருப்பி நடக்க வேண்டும். மீறினால் சாட்டை. கசையடியை ஒழிக்கக் கிளம்பிய முறை சாட்டையால்தான் நின்றது. 1831இல் பிரான்சிலிருந்து டோக்வில்லும் போமோனும் வந்து இதை ஆராய்ந்துவிட்டுப் போனார்கள். பிறகு பல சிறைகள் 'ஆபர்ன் முறை'யைப் பின்பற்றின.

"உள்ளே போய்ப் பார்க்க முடியாதா?" என்றாள் அக்கா. முடியாது. சுவரோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினோம்.

இந்தச் சுவருக்குள் இருந்தவர் வில்லியம் ஃப்ரீமேன். குதிரை திருடியதாக 15, 16 வயதில் உள்ளே போன கறுப்பு இளைஞன். நான் திருடவில்லை என்று கடைசிவரை சொன்னவன். உள்ளே வாங்கிய அடியில் காது கேட்காமல் போய், மனம் சிதைந்து வெளியே வந்தான். 1846இல் ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றான். ஊரே அவனைக் கிழித்துப்போட நின்றபோது, மனநலம் இழந்தவனைத் தண்டிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் அவனுக்காக நின்றவர், அதே ஊரில் வாழ்ந்த முன்னாள் ஆளுநர் வில்லியம் சீவர்ட். கீழ்க்கோர்ட்டில் தூக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் அதை ரத்துசெய்ய வைத்தார் சீவர்ட். மறு விசாரணைக்கு முன்பே, 1847இல், ஃப்ரீமேன் சிறைக்கொட்டடியில் இறந்துபோனான்.

சீவர்ட் வீடு சவுத் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது, நல்ல அருங்காட்சியகம். அலாஸ்காவை வாங்கியவர் என்ற புகழ் அவருக்கு. எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது கீழ்த்தளச் சமையற்கட்டு. கணவர் வாஷிங்டனில் இருக்கும்போது அவர் மனைவி ஃபிரான்சிஸ் சீவர்ட் தப்பி வந்தவர்களைத் தங்கவைத்த இடம் அது. செனட்டரின் மனைவியாக இருந்துகொண்டு கூட்டாட்சிச் சட்டத்தை மீறுவது சாமானியமான துணிச்சல் இல்லை.

அதே தெருவில் தெற்கே போனால் ஹாரியட் டப்மன் வீடு. 1849இல் மேரிலாந்தில் அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர், பிறகு சுமார் 13 முறை திரும்பிப் போய் 70 பேரளவில் கூட்டி வந்தவர். 1859இல் சீவர்ட் இந்த 7 ஏக்கரை வீட்டோடு 1,200 டாலருக்குத் தவணையில் விற்றார். தப்பியோடிய அடிமைக்கு நிலம் விற்பதே அன்றைக்குச் சட்ட விரோதம். கனடாவில் குளிரில் வாடிய வயதான அப்பா அம்மாவை டப்மன் இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். இப்போது நிற்கும் செங்கல் வீடு, முதல் மரவீடு எரிந்த பிறகு 1880களில் கட்டியது. வீட்டைச் சுற்றித் திறந்த வயல். ஃபோர்ட் ஹில் இடுகாட்டில் அவர் கல்லறைமேல் யார் யாரோ சில்லறைக் காசுகளையும் கூழாங்கற்களையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவும் ஒரு கல்லை எடுத்து வைத்தாள்.

மூன்றாம் நாள்: வாட்டர்லூ, செனெகா ஃபால்ஸ்

ஆபர்னிலிருந்து மேற்கே 15 மைல் போனால் செனெகா ஃபால்ஸ். ஆனால் நாங்கள் அதைத் தாண்டி முதலில் வாட்டர்லூ போனோம். 1848 ஜூலை 9 அன்று அங்கே ஜேன் ஹன்ட் வீட்டில் ஒரு தேநீர் விருந்து. லுக்ரீஷியா மாட், அவர் தங்கை மார்த்தா ரைட், மேரி ஆன் மெக்ளின்டாக், எலிசபெத் கேடி ஸ்டான்டன். ஸ்டான்டன் தவிர மற்றவர்கள் குவேக்கர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். எட்டு வருடம் முன்பு லண்டனில் நடந்த உலக அடிமை எதிர்ப்பு மாநாட்டில் மாட் பிரதிநிதியாகப் போயும், பெண் என்பதால் இடம் மறுத்துத் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். புதுமணப்பெண்ணாக அங்கே போயிருந்த ஸ்டான்டன் அதைக் கண்ணால் பார்த்தவர். பிறகு பிள்ளைகள், வீடு, சின்ன ஊர் வாழ்க்கை. உள்ளே கிடந்த ஆத்திரத்தையெல்லாம் அந்த மேஜையில் கொட்டித் தீர்த்தார். அன்று மாலையே பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் செனெகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாடு.

மாநாட்டுப் பிரகடனத்தை எழுதியது மெக்ளின்டாக் வீட்டில். உள்ளே பெரும்பாலும் வெறும் அறைகள்தான். தாமஸ் மெக்ளின்டாக் மருந்துக்கடை வைத்திருந்தவர். அடிமைகள் விளைவித்த சர்க்கரை, பருத்தி எதையும் வாங்குவதில்லை, விற்பதில்லை என்று இருந்த குடும்பம். இப்படிப்பட்ட வீடுகள்தான் இந்த இயக்கத்தின் அடித்தளம். மேடையில் பேசியவர்களின் பெயரை உலகம் அறியும். படுக்க இடமும் சோறும் கொடுத்து, கடிதம் எழுதி, உள்ளூரில் பகையைச் சம்பாதித்துக்கொண்ட வீட்டுக்காரர்கள் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. இந்தப் பயணம் முழுக்க அதுதான் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

செனெகா ஃபால்ஸில் மாநாடு நடந்த வெஸ்லியன் சேப்பல், கடைத்தெருவிலேயே இருக்கிறது. அடிமைமுறையை எதிர்க்கத் தயங்கிய மெதடிஸ்ட் சபையிலிருந்து பிரிந்து வந்தவர்கள் 1843இல் கட்டியது. அந்த வருடம் அடிமை ஒழிப்புப் பேச்சாளர் ஏபி கெல்லி இந்த ஊருக்கு வந்தார். அவர் கூட்ட அறிவிப்பை ஏன் வாசிக்கவில்லை என்று பிரஸ்பிட்டேரியன் பாதிரியாரிடம் ரோடா பெமென்ட் என்ற பெண் சர்ச்சிலேயே கேட்டுவிட்டார். அதற்காகச் சபை அவரை விசாரித்துக் குற்றவாளி என்றது. சாட்சிகள், குறுக்கு விசாரணை எல்லாம் நடந்தது. ஒரு பெண் பாதிரியாரைக் கேள்வி கேட்டது அவ்வளவு பெரிய குற்றம். ஐந்து வருடத்தில் அதே ஊரில்தான் இந்த மாநாடு.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்த அமெரிக்க மிஷன், இதே எழுப்புதல் அலையில் கிளம்பியதுதான். 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளி தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ கனெக்டிகட்காரர். அவர்களை அனுப்பிய மிஷன் சங்கம் அடிமை உரிமையாளர்களிடமிருந்து காணிக்கை வாங்குகிறது என்று இங்கே அடிமை ஒழிப்பாளர்கள் சண்டை போட்டார்கள். 1846இல் அவர்கள் தனிச் சங்கமே தொடங்கினார்கள்.

சேப்பலுக்குள் மர பெஞ்சுகள், வெறும் சுவர். 1871இல் சபை இதை விற்றுவிட்டது. நாடகக் கொட்டகை, கார் விற்பனைக் கடை, கடைசியில் துணி வெளுக்கும் லாண்டரி என்று மாறி மாறி இருந்தது. மீட்டுக் கட்டியது 2011இல். பழைய சுவரில் மிஞ்சிய பகுதிகளைப் புதுச் சுவரோடு சேர்த்து அப்படியே தெரிய விட்டிருக்கிறார்கள். விரலால் தடவினால் பழைய செங்கல் சொரசொரவென்று தனியாகத் தெரிகிறது.

1848 ஜூலை 19 காலை பெண்கள் வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. ஸ்டான்டனின் அக்கா மகனை ஜன்னல் வழியாகத் தூக்கி உள்ளே விட்டுத் திறந்தார்கள். இரண்டு நாளில் சுமார் 300 பேர் வந்தார்கள். பக்கத்துக் கிராமத்து சார்லட் வுட்வர்டு, வீட்டில் கையுறை தைத்துக் கூலி வாங்கும் பதின்வயதுப் பெண், பண்ணை வண்டியில் வந்தாள். தைத்துச் சம்பாதித்த காசு அவளுக்குச் சொந்தமில்லை என்பதுதான் அன்றைய நிலை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை அப்படியே எடுத்து, "எல்லா ஆண்களும் பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று மாற்றி வாசித்தார்கள். மன்னர் ஜார்ஜ் இருந்த இடத்தில் ஆண்வர்க்கத்தை நிறுத்தி வரிசையாகக் குற்றப்பட்டியல்: சொத்துரிமை இல்லை, கூலி சொந்தமில்லை, கல்லூரிக் கதவு மூடியிருக்கிறது, பிரியும் மனைவிக்குப் பிள்ளைகள்மேல் உரிமை இல்லை.

எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின, ஒன்பதாவது தவிர. அது வாக்குரிமை. மாட்டே தயங்கினார், நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. அப்போது எழுந்து ஆதரித்துப் பேசியவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அங்கே இருந்ததாகப் பதிவாகியுள்ள ஒரே கறுப்பர். பத்து வருடம் முன்புவரை அடிமையாக இருந்தவர். தீர்மானம் நிறைவேறியது. 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். கறுப்புப் பெண் ஒருவர் கூட வந்ததற்குப் பதிவு இல்லை. அடிமை ஒழிப்பு வீடுகளிலிருந்து கிளம்பிய கூட்டத்தில் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. வெளியே தண்ணீர் வழியும் கற்சுவரில் அத்தனை பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். அக்கா சார்லட்டின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, "இங்க பாருடி" என்று கூப்பிட்டாள். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது கையெழுத்திட்டவர்களில் உயிரோடு இருந்தவர் சார்லட் ஒருவர்தான். தேர்தல் நாளில் உடம்பு முடியாமல் அவரால் போய் வாக்களிக்க முடியவில்லை.

நான்காம் நாள்: ராச்செஸ்டர்

காலையில் மேடிசன் ஸ்ட்ரீட்டில் சூசன் ஆன்டனி வீடு. அவர் பெண்ணுரிமைக்கு வந்த வழி மதுவிலக்கு. 1830 வாக்கில் அமெரிக்காவில் 15 வயதுக்கு மேற்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு சராசரி 7 கேலன் தூய ஆல்கஹால் என்று கணக்கிடுகிறார்கள். நம் கணக்கில் சுமார் 26 லிட்டர், இன்றைய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். புருஷன் குடித்தால் வீடும் கூலியும் சட்டப்படி அவனோடு போகும். இந்த நிலைமை நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1852 ஜனவரியில் அல்பனியில் நடந்த மதுவிலக்கு மாநாட்டில் ஆன்டனி பேச எழுந்தார். சகோதரிகளை அழைத்தது பேசுவதற்கு இல்லை, கேட்டுக் கற்றுக்கொள்வதற்கு என்று உட்காரச் சொன்னார்கள். அவர் வெளியேறி, மூன்றே மாதத்தில் பெண்களுக்கென்று தனி மதுவிலக்குச் சங்கம் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்குப் பக்கத்துச் சின்னப் பூங்காவில் ஆன்டனியும் டக்ளஸும் தேநீர் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் வெண்கலச் சிலை. லாவோஸில் பிறந்த பெப்சி கெட்டவாங் செய்தது. டக்ளஸ் 1847இல் இங்கே வந்து, அந்த டிசம்பர் 3 அன்று 'நார்த் ஸ்டார்' இதழைத் தொடங்கினார். உரிமைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது, உண்மைக்கு நிறம் கிடையாது என்பது முகப்பு வாசகம். செனெகா ஃபால்ஸுக்கு இரண்டே வாரத்தில், 1848 ஆகஸ்ட் 2 அன்று, இங்கேயும் ஒரு பெண்ணுரிமை மாநாடு. ஏமி போஸ்ட் ஏற்பாடு செய்தது. அபிகெய்ல் புஷ் தலைமை வகிக்கப் போகிறார் என்றதும் ஸ்டான்டனும் மாட்டும் எதிர்த்தார்கள், பெண் தலைமை வகிப்பது அதிகம் என்று. புஷ் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தை ஒழுங்காக நடத்திக் காட்டினார். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்திருக்கிறது.

1852 ஜூலை 5 அன்று டக்ளஸ் பேசிய கொரிந்தியன் ஹால் இப்போது இல்லை. சுதந்திர தின உரை நிகழ்த்த அழைத்தவர்களிடம், இந்த ஜூலை 4 உங்களுடையது, என்னுடையது இல்லை, அடிமைக்கு இந்த நாள் என்ன என்று கேட்டார். உள்ளூர்ப் பெண்கள் அடிமை எதிர்ப்புச் சங்கம் ஏற்பாடு செய்த கூட்டம் அது.

மதியம் மவுன்ட் ஹோப் இடுகாடு. மேடும் பள்ளமுமாக ஒரு பெரிய காடு. ஆன்டனியும் டக்ளஸும் இங்கேதான். போருக்குப் பிறகு, கறுப்பர் ஆண்களுக்கு மட்டும் வாக்குரிமை தரும் அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் வந்தபோது இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். ஸ்டான்டன் கறுப்பர்களையும் குடியேறிகளையும் இழித்துப் பேசினார்.

"ஒண்ணா இருந்திருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

கறுப்பர்களைத் தெருவில் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டக்ளஸ் காத்திருக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆன்டனியின் ஏமாற்றம் புரிகிறது, ஆனால் அந்தப் பேச்சுகளை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் நட்பு அறுந்துபோகவில்லை. 1895 பிப்ரவரி 20 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் மாநாட்டில் டக்ளஸை மேடைக்கு அழைத்துப் போனவர் ஆன்டனி. அன்று மாலை டக்ளஸ் இறந்தார்.

கடைசியாக சவுத் அவென்யூ. டக்ளஸ் குடும்பம் இருந்த வீடு 1872இல் எரிந்தது. அவர் ஊர் ஊராகப் பேசப் போனபோது இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மனைவி அன்னா மர்ரி. மேரிலாந்தில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்து வீட்டுவேலை செய்தவர். டக்ளஸ் தப்பியோடுவதற்கு மாலுமி உடை தயாராக்கியதும் பணம் கொடுத்ததும் அவர்தான். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே இல்லை. தப்பி வந்தவர்கள் ஒரே நேரத்தில் 11 பேர் தங்கியதாக டக்ளஸ் எழுதியிருக்கிறார். அத்தனை பேருக்கும் நடுராத்திரியில் எழுந்து அடுப்பு மூட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு அரசுப் பள்ளி. அதன் பெயர் அன்னா மர்ரி-டக்ளஸ் அகாடமி.